கட்டற்ற மென்பொருளை மட்டும் வைத்து ஒரு பாட்டை முழுசாக முடிக்க முடியுமா?

பஞ்சமம்

வேலை இதுதான்: குரல், அகூஸ்டிக் கிட்டார், மிடி கீபோர்டில் (ஒலியை அல்ல, எந்தச் சுரம் எப்போது என்ற தகவலை மட்டும் கணினிக்கு அனுப்புவது) வாசிக்கும் பியானோவும் பேஸும், பின்னால் டிரம்ஸ். ஒரு பாட்டுக்கு 10, 12 டிராக் வரும். பதிவு தொடங்கிக் கடைசி வேவ் கோப்பு வரை எல்லாமே ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் நடக்க வேண்டும்.

கையில் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி, இரண்டு இன்புட் கொண்ட யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக். இப்போது விண்டோஸ். லினக்ஸுக்கு மாறத் தயார், ஆனால் புரோகிராமிங் தெரியாது. யாராவது சொன்னால் டெர்மினலில் ஒரு வரியை ஒட்டத் தெரியும், அவ்வளவுதான்.

ஆர்டோர், எல்எம்எம்எஸ், ஆடாசிட்டி மூன்றின் பெயரும் எல்லா இடத்திலும் வருகிறது. எதை எதற்கு எடுப்பது? ஹெட்போனில் சொந்தக் குரல் தாமதமாகக் கேட்கிற தொல்லை இவற்றில் தீருமா? பியானோ, டிரம்ஸ் சத்தத்துக்கு எங்கே போவது? “லினக்ஸ் ஆடியோ என்றாலே தலைவலி” என்று 10 வருஷத்துக்கு முன் எழுதியதையே இன்னும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இன்றைய நிலவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மூன்றாம் ஃபேடர்

முடியும். நீங்கள் சொன்ன வேலைக்கு ஆர்டோரை எடுங்கள். மற்ற இரண்டும் மோசம் என்பதால் அல்ல, அவை வேறு வேலைக்காகச் செய்யப்பட்டவை. ஆடாசிட்டியில் மிடி இன்ஸ்ட்ருமென்ட்டைத் தேடுவதும், எல்எம்எம்எஸ்ஸில் மைக்கைத் தேடுவதும், கடைசியில் “கட்டற்ற மென்பொருள் இன்னும் தயாராகவில்லை” என்று முடிவுக்கு வருவதும்தான் அடிக்கடி நடக்கிறது.

ஆடாசிட்டி 2000-இல் வந்தது. ஒலியை வெட்டி, ஒட்டி, சுத்தம் செய்ய இன்றும் அதைவிடச் சுலபமானது இல்லை. நீண்ட காலம் அதில் ஒரு எஃபெக்ட்டைப் போட்டால் அது அலைவடிவத்திலேயே பதிந்துவிடும்; ரிவெர்ப் அதிகமாகிவிட்டது என்று நாளைக்குத் தோன்றினால் அன்டூ செய்து பின்னால் போவதைத் தவிர வழியில்லை. 2022-இல் வந்த 3.2 பதிப்பில்தான் ஓடும்போதே மாற்றக்கூடிய எஃபெக்ட்கள் சேர்ந்தன. 2023-இல் 3.4-இல் தாளக் கட்டமும், சுருதி மாறாமல் நீளத்தை இழுக்கும் வசதியும் வந்தன. ஆனாலும் மிடி வாசித்து ஒலிக்க வைக்கும் கருவி அது இல்லை. குரல் பதிவு, பேச்சு, இரைச்சல் நீக்கம், இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்எம்எம்எஸ் அதற்கு நேர் எதிர். பியானோ ரோல், பீட் எடிட்டர், உள்ளேயே சின்த்கள் (செயற்கையாக ஒலி உருவாக்கும் கருவிகள்), எஸ்எஃப்2 (வாத்திய ஒலித் தொகுப்பு) பிளேயர் எல்லாம் கையோடு வரும். திறந்த 10 நிமிடத்தில் ஒரு பீட் ஓடும். ஆனால் 2020-இல் வந்த 1.2.2 நிலைப்பதிப்பில் மைக் பதிவு கிடையாது. குரலை வேறெங்காவது பதிவுசெய்து, சாம்பிள் டிராக்கில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அப்படி வைத்த சாம்பிள், டெம்போவை மாற்றினால் கூடவே நீளாது. புதிய புராஜெக்ட் 140 பிபிஎம்மில் திறக்கும் என்பதையும் கவனியுங்கள். 92-இல் பாடிய குரலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஏன் எதுவும் கட்டத்தில் உட்காரவில்லை என்று தேடுபவர்கள் நிறைய.

ஆர்டோர் முழு ஸ்டுடியோ. பல டிராக் பதிவு, மிடி (2013-இல் வந்த 3-ஆம் பதிப்பிலிருந்து), மிக்ஸர், பஸ் (பல டிராக்கின் ஒலியை ஒன்றுசேர்க்கும் வழி), ஆட்டோமேஷன், எக்ஸ்போர்ட் எல்லாம் ஒரே இடத்தில். அதிகாரபூர்வ விண்டோஸ் ஆதரவு 2016-இல் 5-ஆம் பதிப்போடு வந்துவிட்டது. அதனால் இதற்காக மட்டும் லினக்ஸுக்கு மாறத் தேவையில்லை.

ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆர்டோரின் சோர்ஸ் கோட் கட்டற்றது, ஆனால் அவர்கள் தளத்தில் தயாராக இருக்கும் நிறுவல் கோப்புக்கு நீங்கள் விரும்பும் தொகையைக் கொடுத்துத்தான் இறக்க வேண்டும். இலவச டெமோ 10 நிமிடத்துக்குப் பிறகு அவ்வப்போது மௌனமாகிவிடும். அதைத்தான் “ஆர்டோர் சத்தத்தை முழுங்குகிறது” என்று புகாராக எழுதுகிறார்கள். லினக்ஸ் டிஸ்ட்ரோக்களின் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) களஞ்சியத்திலிருந்து நிறுவினால் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

பழக்கத்தில் இடறும் இடமும் ஒன்று உண்டு. 8-ஆம் பதிப்பு வரை மிடி சுரங்களைத் தனி ஜன்னலில் திருத்த முடியாது, டைம்லைனிலேயே டிராக்கின் உயரத்தைக் கூட்டித் திருத்த வேண்டும். டிரா கருவியை எடுத்து இழுத்தால் முதலில் ரீஜன் (டிராக்கில் ஒரு துண்டு) உருவாகும், அதற்குள் மறுபடி இழுத்தால் சுரம் விழும். கிராப் கருவியிலேயே இருந்துகொண்டு கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். முதல் நாள் இது எரிச்சலாக இருக்கும், மூன்றாம் நாள் கை பழகிவிடும்.


கம்பிச்சுருள்

லேட்டன்சி, அதாவது ஒலித் தாமதம், பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போவது இந்த இடத்தில்தான்.

கணக்கு சின்னது. பஃபர் அளவை (கணினி ஒரே தடவையில் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கை) சாம்பிள் ரேட்டால் (விநாடிக்கு எத்தனை சாம்பிள்) வகுத்தால் தாமதம் வரும். 48000-இல் 1024 பஃபர் என்றால் 21.3 மில்லிசெகண்ட். 256 என்றால் 5.3. 128 என்றால் 2.7. இது ஒரு வழி மட்டும். குரல் உள்ளே போய்த் திரும்ப ஹெட்போனுக்கு வர இரண்டு பஃபராவது ஆகும், அதோடு கன்வெர்ட்டரும் (ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் பகுதி) யூஎஸ்பியும் எடுக்கும் நேரமும் சேரும். 256 வைத்தால் மொத்தம் 15 மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். அதாவது 5 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரிலிருந்து உங்கள் குரலையே கேட்பது போல. கிட்டாருக்கு இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். பாடுபவருக்குப் பொறுக்காது. அவருடைய குரல் எலும்பு வழியாக உடனே காதுக்கு வந்துவிடுகிறது, ஹெட்போனில் வருவது அதோடு மோதுகிறது.

அதனால் குரலுக்கு எளிய வழி, மென்பொருள் வழியாகக் கேட்காமலே இருப்பது. உங்கள் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டனோ குமிழோ இருக்கும். அதைப் போட்டால் மைக் ஒலி கணினிக்குள் போகாமலே ஹெட்போனுக்கு வரும். தாமதம் கிட்டத்தட்ட பூஜ்யம். பஃபரை 512-இல் வைத்து நிம்மதியாகப் பதிவு பண்ணலாம். மிடி கீபோர்டுக்கு இந்த வழி கிடையாது, ஏனென்றால் பியானோ ஒலி பிறப்பதே கணினிக்குள்தான். அதை வாசிக்கும்போது மட்டும் 128-க்கு இறங்குங்கள், வாசித்து முடிந்ததும் 1024-க்கு ஏற்றிவிட்டு மிக்ஸ் பண்ணுங்கள். எந்த நேரமும் ஒரே பஃபரில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

விண்டோஸில் இருந்தால்: இன்டர்ஃபேஸ் தயாரித்தவர் தரும் ஏஸியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்க ஸ்டெயின்பெர்க் நிறுவனம் வகுத்த முறை) முதலில் நிறுவுங்கள், பிறகு ஆர்டோரின் ஆடியோ/மிடி செட்டப்பில் அதையே தேர்ந்தெடுங்கள். எம்எம்இ என்று இருக்கும் விண்டோஸின் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் தாமதம் நூறு மில்லிசெகண்டைத் தாண்டும், அதில் எதுவும் வாசிக்க முடியாது. ஆடாசிட்டியில் பல வருஷமாக ஏஸியோ இல்லாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, உரிமம். ஸ்டெயின்பெர்க்கின் நிபந்தனையும் ஆடாசிட்டியின் கட்டற்ற உரிமமான ஜிபிஎல்லும் ஒத்துப்போகவில்லை. 2025 அக்டோபரில் ஏஸியோவை ஜிபிஎல் 3-இலும், விஎஸ்டி 3-ஐ (பிளகின்கள், அதாவது மென்பொருளுக்குள் செருகும் துணைக் கருவிகள், எழுதப்படும் வடிவம்) எம்ஐடி என்ற கட்டற்ற உரிமத்திலும் அவர்கள் தந்துவிட்டார்கள். கட்டற்ற இசை மென்பொருளுக்கு ரொம்ப நாளாகக் குறுக்கே நின்ற சுவர் அது.

லினக்ஸ் என்றால் நிலைமை உண்மையிலேயே மாறியிருக்கிறது. முன்பு பிரவுசருக்குப் பல்ஸ்ஆடியோ, இசைக்கு ஜாக் என்று இரண்டு உலகம். ஒன்றை நிறுத்தினால்தான் மற்றது ஓடும். இப்போது பைப்வயர் என்ற ஒலிச் சேவை இரண்டையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்கிறது. ஃபெடோராவில் 34-ஆம் பதிப்பிலிருந்தும் (2021), உபுண்டுவில் 22.10-லிருந்தும் அதுதான் இயல்பு. வேலைகளை நேரம் தவறாமல் முடிக்கும் ரியல்டைம் கெர்னலுக்காகத் (லினக்ஸின் மையப்பகுதி) தனியாகப் பேட்ச் தேடிய காலமும் முடிந்தது. 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலில் அந்தப் பேட்ச் மையக் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. உங்கள் 12 டிராக்குக்கு அதுகூட அவசியமில்லை.

உங்களைப் போல டெர்மினல் வேண்டாம் என்பவர்களுக்கு உபுண்டு ஸ்டுடியோ நல்லது. ஆடியோ குழு, ரியல்டைம் அனுமதி எல்லாம் அதிலேயே அமைந்திருக்கும், பஃபரை மாற்ற ஒரு ஜன்னலும் உண்டு. வேறு டிஸ்ட்ரோ என்றால் பயனரை ஆடியோ குழுவில் நீங்களே சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு லாக் அவுட் செய்து மீண்டும் நுழையாவிட்டால் அது பிடிக்காது. “சேர்த்துவிட்டேன், இன்னும் கிராக்கிள் (சொடக்குச் சத்தம்) வருகிறது” என்று கேட்பவர்களில் பலருக்கு இதுதான் விடை.

கிராக்கிள் வந்தால் எங்கே பார்ப்பது? பைப்வயரோடு பிடபிள்யூ-டாப் (pw-top) என்று ஒரு கருவி வரும். அதில் ஒவ்வொரு செயலிக்கும் பஃபர் அளவும், பிழை எண்ணிக்கையும் ஓடும். பிழை எண் ஏறிக்கொண்டே போனால் எந்த வரிசையில் ஏறுகிறது என்று பாருங்கள். ஆர்டோர் வரிசையில் என்றால் பிளகின் கனம். எல்லா வரிசையிலும் என்றால் பஃபரை ஒரு படி ஏற்றுங்கள். சிபியு 30 சதவீதம்கூடத் தொடவில்லை, ஆனாலும் சொடக்குச் சத்தம் வருகிறது என்றால் மூன்றைச் சந்தேகிக்கலாம்: வைஃபை, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிபியு முறை, இன்டர்ஃபேஸும் வெளி டிஸ்க்கும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் இருப்பது. பதிவின்போது வைஃபையை அணைத்து, பவர் புரொஃபைலைப் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, இன்டர்ஃபேஸை நேராக மடிக்கணினியில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.


தாளக்கட்டு

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனாலும் “முடியும்” என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது. பதிவும் மிக்ஸிங்கும் தயார். இன்ஸ்ட்ருமென்ட் பக்கம் அப்படியில்லை. சாதாரணப் பயனர் எதிர்பார்ப்பது, திறந்ததும் நல்ல பியானோ ஒலிப்பது. ஆர்டோரில் மிடி டிராக் ஒன்றைச் சேர்த்து, இயல்பாக வருவதை விட்டுவிட்டால் ரீசனபிள் சின்த் ஒலிக்கும். அது மிடி வருகிறதா என்று சோதிக்கத்தான், பாட்டில் வைக்க அல்ல. அதைக் கேட்டதும் மென்பொருளையே மூடிவிடுபவர்கள் உண்டு.

சின்த் என்றால் கவலையே வேண்டாம். சர்ஜ் எக்ஸ்டி ஒன்றே போதும். 2018 வரை விலைக்கு விற்ற கருவி, அந்த வருஷம் சோர்ஸைத் திறந்துவிட்டார்கள். பேஸ், பேட், லீட் எல்லாவற்றுக்கும் தொழில்முறைத் தரம். பழைய எஃப்எம் ஒலி வேண்டுமென்றால் டெக்ஸ்டு.

நிஜ வாத்தியங்களுக்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டும். பியானோவுக்குச் சாலமாண்டர் கிராண்ட், ஒவ்வொரு சுரத்துக்கும் 16 அழுத்த அடுக்கு. எஸ்எஃப்இசட் வடிவத்தில் இருக்கும், அதை ஓட்ட ஸ்ஃபிஸ் பிளகின் வேண்டும். இறக்கிய கோப்புறையை விரித்து, சாம்பிள்கள் இருக்கும் உள்கோப்புறையை நகர்த்தாமல் அப்படியே வைத்து, எஸ்எஃப்இசட் கோப்பை மட்டும் ஸ்ஃபிஸ்ஸில் காட்டுங்கள். அந்த எஸ்எஃப்இசட் வெறும் எழுத்துக் கோப்பு. எந்தச் சுரத்துக்கு எந்த வேவ் என்ற பட்டியல்தான் உள்ளே இருக்கிறது. அதை மட்டும் தனியாக வேறு இடத்துக்கு எடுத்துப் போனால் பிளகின் ஏற்றும், சத்தம் வராது. எந்தப் பிழைச்செய்தியும் கண்ணில் படாததால் புதியவர் மணிக்கணக்கில் தேடுவார்.

டிரம்ஸுக்கு இரண்டு வழி. டிரம்கிஸ்மோவில் உண்மையான கிட்டை மைக் மைக்காகப் பதிவுசெய்த சாம்பிள்கள் உண்டு, ஒவ்வொரு மைக்கும் தனிச் சேனலில் வரும். கேட்க அற்புதம், ஆனால் 8 ஜிபி ரேமில் பெரிய கிட்டை ஏற்றினால் மூச்சுத் திணறும். டிஸ்க் ஸ்ட்ரீமிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது சின்ன கிட்டை எடுங்கள். இலகுவானது வேண்டுமென்றால் எக்ஸ்42-இன் ஏவிஎல் டிரம்ஸ். பேட்டர்னாகக் கட்ட ஹைட்ரஜன் என்ற டிரம் மென்பொருள் நல்லது. எதை எடுத்தாலும் சுர எண்களைச் சரிபாருங்கள். ஜெனரல் மிடி வழக்கப்படி கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹைஹாட் 42, திறந்தது 46. எல்லாக் கிட்டும் இதைப் பின்பற்றுவதில்லை. ஒரு கிட்டுக்கு எழுதிய மிடியை வேறு கிட்டில் ஓட்டும்போது ஸ்னேர் வர வேண்டிய இடத்தில் டாம் வந்தால் காரணம் இதுதான்.

தந்தி வாத்தியக் கூட்டம், ஊது வாத்தியம், தத்ரூபமான கிட்டார் இவற்றில் வணிக நூலகங்கள் ரொம்ப தூரம் முன்னால் இருக்கின்றன, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இசைக்கலைஞர்களை ஸ்டுடியோவில் உட்கார வைத்து ஆயிரக்கணக்கான சுரங்களைப் பதிவு செய்கிற செலவை யாராவது ஏற்க வேண்டும். நிரல் எழுத ஆர்வலர்கள் இரவில் உட்கார்ந்தால் நடக்கும், இது அப்படி நடக்காது. அந்த வணிகப் பிளகின்களை லினக்ஸில் ஓட்ட ஒயினும் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுவது) யாபிரிட்ஜும் (அதன் வழியாகப் பிளகின்களை இணைப்பது) உதவும், ஆனால் ஐலாக் என்ற உரிமப் பூட்டு உள்ளவை பெரும்பாலும் திறக்காது. மாறுவதற்கு முன், கைவிட முடியாத பிளகின் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால் விண்டோஸிலேயே ஆர்டோரை ஓட்டுவது புத்திசாலித்தனம்.

இன்னொரு குறை. ஆர்டோர் பிளகின்களைத் தன் சொந்தப் புராசஸுக்குள்ளேயே ஓட்டுகிறது. ஒரு பிளகின் விழுந்தால் மொத்த ஆர்டோரும் விழும். விழுந்த செஷன் (சேமித்து வைத்த பாட்டு) திறக்கும்போதே மறுபடி விழுந்தால் பயப்பட வேண்டாம், செஷன் தேர்வு ஜன்னலில் சேஃப் மோட் என்று ஒரு பெட்டி உண்டு, எல்லாப் பிளகினையும் அணைத்துவிட்டுத் திறக்கும். சந்தேகப்படும் பிளகினை நீக்கிச் சேமித்துவிட்டு வழக்கம்போலத் திறக்கலாம். இதை இங்கே எழுதுவது எளிது, ஆனால் செஷனைத் தொலைத்துவிட்டோம் என்று பதறும் புதியவருக்கு இந்தப் பெட்டி கண்ணில் படுமா? “சாதாரணப் பயனருக்குத் தயாரா” என்பதை நான் அளப்பது இதை வைத்துத்தான்.


பஞ்சமம்

எல்லோருக்கும் நன்றி. உபுண்டு ஸ்டுடியோ போட்டாயிற்று, பதிவும் நடக்கிறது. மூன்று சந்தேகம் மிச்சம்.

டைரக்ட் மானிட்டர் போட்டும் ஹெட்போனில் குரல் இரட்டையாக, குழாய்க்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது. கிளிக்கோடு சரியாக வாசித்த கிட்டார், பதிவில் ஒரு துளி பின்னால் உட்காருகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் எல்லா அடியும் ஒரே அளவு பின்னால். சர்ஜ் எக்ஸ்டி நிறுவினேன், தனியாகத் திறந்தால் ஓடுகிறது, ஆர்டோரின் பட்டியலில் இல்லை. ஆர்டோரை மென்பொருள் கடையிலிருந்து ஃபிளாட்பேக்காக எடுத்தேன்.


கம்பிச்சுருள்

கடைசிக் கேள்வியிலேயே அதன் பதிலும் இருக்கிறது. ஃபிளாட்பேக் ஒரு மூடிய பெட்டி. அதற்குள் இருக்கும் ஆர்டோருக்கு, வெளியே கணினியில் நிறுவிய பிளகின்கள் தெரியாது. ஃபிளாட்பேக்குக்கென்று தனியாகப் பிளகின் தொகுப்புகள் உண்டு, அவற்றையும் அதே வழியில் நிறுவினால் தெரியும். ஆனால் உங்களுக்கு நல்லது ஃபிளாட்பேக்கை நீக்கிவிட்டு, டிஸ்ட்ரோ களஞ்சியத்திலிருந்தோ ஆர்டோர் தளத்திலிருந்தோ நிறுவுவது. பிறகு பிளகின் மேனேஜரில் ஒருமுறை ஸ்கேன் கொடுங்கள். ஸ்கேனில் ஒரு பிளகின் தோற்றுப்போனால் அது பட்டியலில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும், மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லலாம்.

இரட்டைக் குரல்: இரண்டு வழியில் கேட்கிறீர்கள். ஒன்று இன்டர்ஃபேஸ் நேராகத் தருவது, இன்னொன்று ஆர்டோர் சுற்றிவளைத்துத் தருவது. சில மில்லிசெகண்ட் தள்ளி ஒரே ஒலி இரண்டு முறை சேர்ந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துவிடும், குழாய்ச் சத்தம் அதனால்தான். பிரிஃபரன்ஸில் மானிட்டரிங் பகுதிக்குப் போய், பதிவின்போது மானிட்டர் செய்வது யார் என்ற இடத்தில் ஆடியோ ஹார்டுவேர் என்று மாற்றுங்கள். அதோடு ஆர்டோர் மைக்கை ஹெட்போனுக்கு அனுப்பாது, பழைய டிராக்குகள் மட்டும் வரும். கீபோர்டு டிராக்குக்கு மட்டும் இன் பட்டன் எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பின்தங்கும் கிட்டார்: எல்லா அடியும் ஒரே அளவு பின்னால் என்றால் அது உங்கள் கை இல்லை. ஆர்டோர் பஃபரின் தாமதத்தைத் தானே கழித்துவிடும், ஆனால் யூஎஸ்பியும் கன்வெர்ட்டரும் எடுக்கும் நேரம் அதற்குத் தெரியாது. அதை நாம்தான் அளந்து சொல்ல வேண்டும். இன்டர்ஃபேஸின் அவுட்புட் 1-லிருந்து இன்புட் 1-க்கு ஒரு கேபிளைப் போடுங்கள். செருகும் முன் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை (கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸ் தரும் மின்சாரம்) அணையுங்கள், அதை மறந்தால் அவுட்புட் சர்க்யூட் கெடலாம். ஸ்பீக்கரைக் குறைத்து, ஹெட்போனைக் கழற்றி, டைரக்ட் மானிட்டரை அணைத்துவிடுங்கள். அது போட்டிருந்தால் ஒலி அவுட்டுக்கும் இன்னுக்கும் இடையே சுற்றிச் சுற்றி ஊளையிடும். பிறகு ஆடியோ/மிடி செட்டப்பில் கேலிபிரேட், அந்த இரண்டு சேனலையும் தேர்ந்தெடுத்து மெஷர். ஒரு எண் வரும். உதாரணமாக 120 சாம்பிள் என்று வந்தால், 48000-இல் அது 2.5 மில்லிசெகண்ட். “சிக்னல் இல்லை” என்றால் கெயின் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். முடிவை ஏற்கும் பட்டனை அழுத்தினால் அடுத்த பதிவிலிருந்து சரியாக உட்காரும்.

பஃபரையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் இந்த அளவை மறுபடி எடுங்கள், யூஎஸ்பி கருவிகளில் அது மாறக்கூடும். ஏற்கனவே பதிவான கிட்டாரை மறுபடி வாசிக்கத் தேவையில்லை. கிரிட் ஸ்நாப்பை அணைத்துவிட்டு அந்த 120 சாம்பிள் அளவுக்கு ரீஜனை முன்னால் நகர்த்தினால் போதும்.

ஆடாசிட்டியில் ஓவர்டப் (பழைய டிராக்கைக் கேட்டுக்கொண்டே புதியதைப் பதிவது) செய்பவர்களுக்கும் இதே தத்துவம்தான், கையால் செய்ய வேண்டும். பிரிஃபரன்ஸில் லேட்டன்சி காம்பன்சேஷன் -130 மில்லிசெகண்டாக இருக்கும். ரிதம் டிராக் ஒன்றை உருவாக்கி, கேபிளைப் போட்டு அதையே பதிவுசெய்து, இரண்டு அடிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளங்கள். பதிவு 45 மில்லிசெகண்ட் பின்னால் இருந்தால் -175 போடுங்கள், முன்னால் இருந்தால் -85.


மூன்றாம் ஃபேடர்

பதிவு நடக்கத் தொடங்கிவிட்டதால், மிக்ஸுக்குப் போகும் முன் சில எண்கள்.

குரல் உச்சத்தில் -12 டெசிபலைத் தொட்டால் போதும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது மேலே வரை நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை, இரைச்சல் தரை எங்கோ கீழே கிடக்கிறது. 0-ஐத் தாண்டி கன்வெர்ட்டரில் உடைந்த குரலை மட்டும் பிறகு எந்த மென்பொருளாலும் பழையபடி ஆக்க முடியாது.

இடமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்டோர் இயல்பாக 32 பிட் ஃப்ளோட்டில் எழுதும். 48000-இல் ஒரு மோனோ டிராக்குக்கு நிமிடத்துக்கு 11.5 எம்பி ஆகும். 4 நிமிடப் பாட்டில் 8 மோனோ டிராக் என்றால் சுமார் 370 எம்பி. வேண்டாம் என்று தள்ளிய டேக்குகளும் டிஸ்க்கிலேயே இருக்கும், பாட்டு முடிந்ததும் செஷன் மெனுவில் உள்ள கிளீன்அப்பால் அவற்றை நீக்கலாம். பாட்டு முடிந்ததும்தான். நடுவில் செய்து, நல்ல டேக்கை இழக்காதீர்கள்.

ரேம் திணறினால், பியானோவும் டிரம்ஸும் முடிவானதும் அவற்றின் ஒலியைப் புதிய ஆடியோ டிராக்கில் பதிவுசெய்துவிட்டு, மிடி டிராக்கிலிருந்து அந்த வாத்தியப் பிளகினை நீக்கிவிடுங்கள். மிடி பத்திரமாக இருக்கும், சாம்பிள் மட்டும் நினைவகத்தை விட்டு இறங்கும். 8 ஜிபி கணினியில் 12 டிராக்கை ஓட்டுவதற்கு இதைவிட நல்ல உத்தி இல்லை.

மிக்ஸுக்கான பிளகின்களில் கட்டற்ற பக்கத்துக்கு எந்தக் குறையும் இல்லை, இதில் தாளக்கட்டும் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். எல்எஸ்பி தொகுப்பில் ஈக்வலைசர், கம்ப்ரெசர், கேட் எல்லாம் இருக்கின்றன. ரிவெர்புக்கு டிராகன்ஃபிளை. கிட்டாரை நேராகச் செருகுபவர்களுக்கு நியூரல் ஆம்ப் மாடலர். குரலுக்குத் தொடக்கமாக 80-லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், கம்ப்ரெசர் விகிதம் 3:1, அட்டாக் 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் 100, முள் 4 முதல் 6 டெசிபல் வரை இறங்கும்படி திரெஷோல்ட். அட்டாக்கை 1 மில்லிசெகண்டாகச் சுருக்கினால் க, ட, ப எல்லாம் மழுங்கிச் சொல் தெளிவு போய்விடும். ரிவெர்பை ஒவ்வொரு டிராக்கிலும் போடாதீர்கள். ஒரு பஸ்ஸில் ஒரே ஒரு டிராகன்ஃபிளை, அதில் டிரை 0, வெட் 100. ஒவ்வொரு டிராக்கிலிருந்தும் ஆக்ஸ் சென்ட் வழியாகத் தேவையான அளவு அனுப்புங்கள். எல்லா வாத்தியமும் ஒரே அறையில் இருப்பது போல ஒட்டும், சிபியுவும் மிச்சம்.

மாஸ்டரில் எக்ஸ்42-இன் பீக் லிமிட்டர், உச்சம் -1 டெசிபல். எக்ஸ்போர்ட் முடிந்ததும் ஆர்டோர் ஒரு அறிக்கை காட்டும், அதில் மொத்த உரப்பு எல்யூஎஃப்எஸ் என்ற அலகில் இருக்கும். ஸ்ட்ரீமிங்குக்கு -14 சுற்றி இருந்தால் நிம்மதி. -8 வரை அடித்துத் தள்ளினாலும் தளம் கேட்பவருக்குக் குறைத்துத்தான் கொடுக்கும், நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கும்.


தாளக்கட்டு

மிக்ஸ் பிளகின் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், மறுப்பே இல்லை.

பாட்டை வேறொருவரிடம் மிக்ஸுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆர்டோர் செஷனை வேறு மென்பொருள் திறக்காது. அவரிடமும் ஆர்டோர் இருந்தால் செஷன் மெனுவில் ஆர்க்கைவ் கொடுத்து ஒரே கோப்பாக அனுப்புங்கள். கோப்புறையை நகலெடுத்து அனுப்பும்போது, வெளியிலிருந்து நகலெடுக்காமல் இணைத்த ஆடியோ கோப்புகள் விட்டுப்போகும்; ஆர்க்கைவில் அந்த ஆபத்து இல்லை. வேறு மென்பொருள் என்றால் ஸ்டெம் எக்ஸ்போர்ட் (ஒவ்வொரு டிராக்கையும் தனி ஆடியோ கோப்பாக எடுப்பது). எல்லா டிராக்கும் செஷனின் தொடக்கத்திலிருந்தே தொடங்கட்டும், பாட்டில் 2-ஆவது நிமிடத்தில் வரும் புல்லாங்குழலாக இருந்தாலும் சரி. அப்போதுதான் அவர் எல்லாவற்றையும் 0-இல் வைத்தால் தானாகப் பொருந்தும். கோப்புப் பெயரில் பிபிஎம்மை எழுதிவிடுங்கள், மிடியையும் தனியாக எக்ஸ்போர்ட் செய்து சேர்த்து அனுப்புங்கள். அவரிடம் நல்ல பியானோ நூலகம் இருந்தால் அதில் ஓட்டிக்கொள்வார்.

பாட்டு நடுவில் இருக்கும்போது ஆர்டோரை அடுத்த பெரிய பதிப்புக்கு மாற்றாதீர்கள். புதியதில் சேமித்த செஷனைப் பழையதில் திறக்க முடியாது. மாறித்தான் ஆக வேண்டுமென்றால், அது முதல்முறை திறக்கும்போது பழைய செஷன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைக்கும். கோப்புறைக்குள் பதிப்பு எண்ணோடு இருக்கும் அந்த நகலை அழித்துவிடாதீர்கள்.